நிதானம் என்னும் பொய்ச்சாட்சி

மது உடலில் ஏறும்போது பார்வையில் முதலில் கெடுவது கவனம். கண்ணின் கூர்மை கெடுவது அதற்கு வெகு நேரம் கழித்து. இந்த வரிசை பலருக்குத் தெரியாததால் ஒரு தவறான கருத்து நிலைபெற்றுவிட்டது. கால் தடுமாறாமல், நாக்குக் குழறாமல், எதிரே நிற்கும் வண்டியின் எண் பலகையைப் படிக்கும் அளவுக்குக் கண் தெளிவாக இருக்கும்வரை ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியானவர்தான் என்பது அந்தக் கருத்து. ‘நான் ஸ்டெடி’ என்று பார் வாசலில் சாவியைத் தேடுபவர் சொல்வது இதைத்தான். அவரைத் தடுக்க வேண்டிய நண்பர்களும் அவர் நாலடி நேராக நடந்து காட்டியதும் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் ‘அவர் அளவோடு சாப்பிட்டவர்’ என்று நற்சான்று கொடுத்து, குடும்பத்தையே ஏற்றிய காரை ஒருவர் கையில் ஒப்படைப்பதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், ஒரு கட்டிங் குடித்தவர், குடிக்காதபோது படித்த வரிவரை பெரும்பாலும் படித்துவிடுவார். அசையாத பொருளை, போதிய வெளிச்சத்தில், நேருக்கு நேர் பார்க்கும் கூர்மையை மிதமான மது பெரிதாகத் தொடுவதில்லை. ஆகவே ‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்பவர் பொய் சொல்லவில்லை. சாலையையும் எழுத்துப் பலகையையும் ஒன்றாக எண்ணுவதுதான் அவர் செய்யும் பிழை. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் மையப் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கலில் எது முக்கியம், கண் அடுத்து எங்கே தாவ வேண்டும் என்பதை மூளை ஓயாமல் முடிவு செய்துகொண்டே இருக்கிறது. நொடிக்கு மூன்று நான்கு முறை நடக்கும் இந்தத் தேர்வைத்தான் பார்வைக் கவனம் என்கிறார்கள். மது கை வைப்பது இதில்தான்.

கண்ணையும் கவனத்தையும் பிரித்துக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவில் 1974இல் வெளியானது. மதுவும் வாகன ஓட்டுதலும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ், சர்மா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து செய்தது. எதிரே நடுவில் ஒரு விளக்கு. பார்வையின் ஓரங்களில் அவ்வப்போது சிறு விளக்குகள் மின்னும். மின்னியதைக் கண்டதும் சொல்ல வேண்டும். நடு விளக்கு அசையாமல் எரிந்தபோது, அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓர விளக்குகளைக் கண்டுகொள்வதில் மதுவால் எந்தக் குறையும் தெரியவில்லை. அதே நடு விளக்கு விட்டுவிட்டு மின்ன, அது எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணச் சொன்னபோதுதான் குடித்தவர்கள் ஓர விளக்குகளைத் தவறவிட்டார்கள். கண் அதே கண், விளக்கும் அதே விளக்கு, குடித்த அளவும் அதே அளவு. மூளைக்கு நடுவில் ஒரு வேலை கொடுத்ததும் ஓரம் கைவிடப்பட்டது.

வண்டி ஓட்டுவது என்பது நடுவில் வேலை இருந்துகொண்டே இருக்கும் தொழில். முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு, தன் வேகம், சாலை வளைவு என்று மையத்தில் எப்போதும் ஏதோ ஒன்றை எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு வருவதும், சந்திலிருந்து டூ-வீலர் திரும்புவதும், மீடியனில் படுத்திருந்த மாடு எழுவதும் அந்த நேரத்தில்தான். ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்த ஆய்வுகளிலும் இதுவே தெரிகிறது: குடித்தவரின் பார்வை ஒரே இடத்தில் அதிக நேரம் தங்குகிறது, அடுத்த இடத்துக்குத் தாவுவது குறைகிறது, பெரும்பாலும் நேர் எதிரே உள்ள சாலையிலேயே கட்டுண்டு கிடக்கிறது.

இதைக் ‘குழாய்ப் பார்வை’ என்று எளிமையாகச் சொல்லிவிடுவதும் சரியல்ல. குழாய் வழியாகப் பார்ப்பவருக்கு ஓரம் இருட்டாக இருப்பது தெரியும்; தலையைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். குடித்தவருக்கோ ஓரம் இருட்டாகத் தெரிவதில்லை. முழுக் காட்சியும் இருப்பதாகவே தோன்றுகிறது. அதில் எது விடுபட்டது என்று மட்டும் தெரிவதில்லை.

விழிப்புணர்வுப் பிரசாரம் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். மது ஒழிப்புச் சுவரொட்டிகளில் குடித்தவரின் பார்வை என்று வரைவது எப்போதும் இரட்டையாகத் தெரியும் சாலையும் கலங்கிய விளக்குகளும்தான். முகாம்களில் மாணவர்களுக்கு ஒரு மாயக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கோட்டின் மேல் நடக்கச் சொல்லி, அவர்கள் தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் கண்ணாடி உருவத்தைக் கோணலாக்குகிறது. கவனத்தை ஒன்றும் செய்வதில்லை. இரட்டையாகத் தெரிவது கடும் போதையில் வரும் கோளாறு. இரண்டு பெக் குடித்தவர் சாலையைப் பார்க்கிறார், ஒன்றாகத்தான் தெரிகிறது. சுவரொட்டி சொன்னபடி இல்லையே என்று நிம்மதியாகச் சாவியைத் திருகுகிறார். எச்சரிக்கப் புறப்பட்ட படம் அவருக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

விடுபடுவது எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கும் சோதனை உண்டு. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டஃபர் சாப்ரிஸ் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட காணொளிச் சோதனை இப்போது உலகப் புகழ் பெற்றது. சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடுகிறார்கள். பார்ப்பவர் ஓர் அணியின் கைமாற்றங்களை எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா உடையணிந்த ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, நடந்து மறைகிறார். ஏறத்தாழப் பாதிப் பேர் கொரில்லாவைப் பார்ப்பதே இல்லை. 2006இல் சீமா கிளிஃபசேஃபியும் உடன் ஆய்வாளர்களும் இதே காணொளியைக் குடித்தவர்களுக்குக் காட்டினார்கள். குடிக்காதவர்களில் 46 விழுக்காட்டினர் கொரில்லாவைக் கண்டார்கள். குடித்தவர்களில் 18 விழுக்காட்டினர்தான். கொடுக்கப்பட்ட மது, 100 மில்லி இரத்தத்தில் 40 மில்லிகிராம் அளவை எட்டச் செய்வது. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் சட்டம் அனுமதிக்கும் அளவில் பாதி. சில டஜன் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது. இதை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. கூடவே, குடிக்காதவர்களிலும் பாதிக்கு மேல் தவறவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டாவது உண்மை குடிப்பவருக்குச் சாதகமானதல்ல. தெளிந்த நிலையிலேயே மனிதக் கவனத்துக்கு இவ்வளவுதான் கொள்ளளவு என்றால், அதில் செலவழிக்க உபரி ஏதுமில்லை.

‘உள்ளே போனா நான் கூடுதல் ஜாக்கிரதையா ஓட்டுவேன்’ என்பது அடுத்த வாதம். இது வெறும் வீம்பு அல்ல; பலர் உண்மையிலேயே வேகத்தைக் குறைத்து, கோட்டை விட்டு விலகாமல் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. க்ளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, மதுவின் விளைவைக் கிட்டப்பார்வையோடு ஒப்பிட்டது: குடித்தவரின் மனம் கண்ணெதிரே துருத்திக்கொண்டு நிற்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது, சற்று விலகி இருப்பது அவரது கணக்கில் வருவதில்லை. எனவே அவர் சாலைக் கோட்டின் மேல் எவ்வளவு ஜாக்கிரதையைக் குவிக்கிறாரோ, அவ்வளவும் மற்ற இடங்களிலிருந்து எடுத்ததாகிறது. கூடுதல் கவனம் என்று அவர் நினைப்பது, இருக்கிற கவனத்தை ஒரே இடத்தில் கொட்டுவது.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நரம்பணுக்களை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. அவற்றைத் தூண்டும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. திட்டமிடுதலுக்கும் அடக்கிக்கொள்ளுதலுக்கும் பொறுப்பான நெற்றிப்பக்க மூளையும், அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளையும் இதற்கு எளிதில் ஆட்படுகின்றன. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவத் தொடங்கும் நேரம் நீள்கிறது. நகரும் பொருளைச் சீராகப் பின்தொடர வேண்டிய விழி, துண்டுதுண்டாகத் துள்ளிப் பின்தொடர்கிறது. அமெரிக்கக் காவலர்கள் சந்தேகப்பட்டவரின் கண்ணெதிரே பேனாவை மெல்ல நகர்த்திப் பார்ப்பது இந்தத் துள்ளலைப் பிடிக்கத்தான். மாஸ்கோவிட்ஸும் மார்செலின் பர்ன்ஸும் உருவாக்கிய அந்தச் சாலையோரச் சோதனைகளில், கோட்டில் நடந்து திரும்பும் சோதனையும் கால் பலத்தை மட்டும் பார்ப்பதற்கானது அல்ல. அடிகளை எண்ணிக்கொண்டே, சொன்ன முறைப்படி திரும்பி, சமநிலையும் காக்க வேண்டும். கவனத்தைப் பங்கிட முடிகிறதா என்பதே கேள்வி. பார் வாசலில் நண்பர்கள் நடத்தும் ‘நடந்து காட்டு’ சோதனையில் அந்தப் பங்கீடு கிடையாது. அதனால் அதில் எல்லோரும் தேறிவிடுகிறார்கள்.

பழகிய குடிகாரருக்கு இதெல்லாம் பொருந்தாது என்ற நம்பிக்கைதான் இருப்பதிலேயே உறுதியானது. உடல் மதுவுக்குப் பழகுவது உண்மை. எட்வர்ட் மெல்லன்பி 1919இலேயே இதில் ஒரு நுட்பத்தைக் கண்டார்: இரத்தத்தில் மது ஏறும்போது தெரியும் தடுமாற்றம், இறங்கும்போது அதே அளவில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரே இரவுக்குள் நடக்கும் பழக்கம் இது. ஆனால் எல்லாம் ஒன்றாகப் பழகிவிடுவதில்லை. பின்னாளில் செய்த சோதனைகள் காட்டுவது இதுதான்: போதை இறங்கும் நேரத்தில் ‘தெளிந்துவிட்டேன்’ என்ற உணர்வு திரும்புகிறது, கை வேகமும் ஓரளவு திரும்புகிறது, செய்யும் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. நாள்பட்ட குடியில் வரும் பழக்கமும், திரும்பத் திரும்பச் செய்த வேலையில்தான் கைகொடுக்கிறது. தினமும் போகும் வழியில் வண்டியை வீடு சேர்க்கும் திறமை அவருக்கு நிச்சயம் உண்டு. நேற்று இல்லாத பள்ளம், இன்று புதிதாகப் போட்ட வெள்ளையடிக்காத வேகத்தடை, விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் ஆகியவை அந்தப் பயிற்சியில் சேராதவை. காபி, மோர், குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல் எதுவும் இரத்தத்திலுள்ள மதுவைக் குறைப்பதில்லை. காபியால் வருவது விழிப்புணர்ச்சி மட்டும். குடித்தவர் தன் நிலையை மேலும் தவறாக எடைபோட அது உதவுகிறது. காஃபீன் கலந்த மது பானங்களைத் தயாரித்த நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

கொஞ்சம் குடித்தால் ஓட்டுதல் மேம்படுகிறது என்றுகூட ஒரு தரப்பு வாதிட்டதுண்டு. அதற்கு ஆதாரம், மூச்சில் மதுவை அளக்கும் கருவியை 1954இல் உருவாக்கிய ராபர்ட் போர்கன்ஸ்டைன் தலைமையில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1962-63இல் நடந்த பெரும் ஆய்வு. விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 ஓட்டுநர்களையும், விபத்தில்லாமல் அதே இடங்களைக் கடந்த 7,500க்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், மிகக் குறைவாகக் குடித்தவர்களின் விபத்து வாய்ப்பு, குடிக்கவே செய்யாதவர்களின் வாய்ப்பைவிடச் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. வரைபடத்தில் தெரிந்த இந்தச் சிறு பள்ளத்தை மது ஆதரவாளர்கள் பல ஆண்டுகள் தூக்கிப் பிடித்தார்கள். 1973இல் பால் ஹர்ஸ்ட் அதே தரவுகளை, குடிக்கும் பழக்கத்தின்படி பிரித்து மீண்டும் கணக்கிட்டார். பள்ளம் காணாமல் போனது. எப்போதாவது குடிப்பவர், வாரம் ஒருமுறை குடிப்பவர், தினமும் குடிப்பவர் என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும், பூச்சியத்திலிருந்தே விபத்து வாய்ப்பு மேலேறியது. விபத்து வாய்ப்பில் இயல்பாகவே வேறுபட்ட கூட்டங்களை ஒன்றாகக் கலந்ததால் வந்த மாயத் தோற்றம் அது.

சட்ட வரம்புக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்ற வாதத்துக்கும் இதே கதிதான். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவில், 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1967 முதல் 80. ஸ்காட்லாந்து 2014இல் அதை 50 ஆகக் குறைத்தது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 20. மனித மூளை நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. மாறுவது, எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது என்று ஒவ்வொரு நாட்டு அரசியலும் செய்துகொண்ட சமரசம். மாஸ்கோவிட்ஸும் ஃபியோரென்டினோவும் 2000இல் அமெரிக்க அரசுக்காக 112 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிய முடிவு, பூச்சியத்திலிருந்து சிறிது விலகினாலே ஓட்டுதலுக்கான சில திறன்கள் குறையத் தொடங்குகின்றன என்பது. 50 மில்லிகிராமுக்குள் பெரும்பாலான ஆய்வுகளிலும், 80க்குள் 94 விழுக்காட்டுக்கும் மேலான ஆய்வுகளிலும் பாதிப்புப் பதிவாகியிருந்தது.

தமிழ்நாட்டு அளவுகளில் கணக்கிட்டால், வரம்புக்குள் இருக்கிறேன் என்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் அதற்குள் இருப்பார்கள் என்பதே ஐயம். ஸ்வீடன் வேதியியலாளர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்த வாய்பாடு இன்றும் நீதிமன்றங்களில் பயன்படுகிறது. 42.8 விழுக்காடு சாராயம் கொண்ட பிராந்தியோ ரம்மோ 90 மில்லி, அதாவது ஒரு கட்டிங், ஏறத்தாழ 30 கிராம் மது. 65 கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது உச்சத்தில் 70 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு குவார்ட்டர் என்றால் 140. பெரிய பாட்டில் பீர், 650 மில்லி, 5 விழுக்காடு என்று வைத்தால்கூட 58 வரை போகும். ‘பீர்தானே’ என்பது இந்த விஷயத்தில் மிகவும் விலை கொடுத்து வாங்கும் அலட்சியம்.

இரவு நேரம் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகிறது. எதிர் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்த பிறகு பார்வை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை மது நீட்டுகிறது என்று ஆடம்ஸ், பிரவுன் என்னும் ஆய்வாளர்கள் 1975இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது கிட்டத்தட்ட 17 மீட்டர். நகரும் பொருளின் விவரத்தைப் பிடிக்கும் கூர்மையும் அசையாப் பொருளைப் பார்க்கும் கூர்மையைவிட முன்னதாகவே மதுவுக்குப் பலியாகிறது. பிரிக்கப்படாத, விளக்கில்லாத, நடப்பவரும் மாடும் சைக்கிளும் பங்கிட்டுக்கொள்ளும் மாநிலச் சாலையில், ஓரத்தைக் கவனிக்க வேண்டிய தேவை வேலி போட்ட அமெரிக்க நெடுஞ்சாலையைவிடப் பல மடங்கு. அங்கே ஆய்ந்து சொன்ன ஆபத்து இங்கே குறையும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

கடைசியாகப் புள்ளிவிவரத்தைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையில் 2022இல் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழுக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை, குடியின் கணக்கில் இரண்டு மூன்று விழுக்காடுதான். அப்படியானால் குடியை ஏன் இவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த அட்டவணை காவல் நிலையத்தில் ஒரு விபத்துக்கு ஒரு காரணம் என்று எழுதப்படுவதிலிருந்து வருகிறது. குடித்துவிட்டு வேகமாகப் போனவர் எந்தக் கட்டத்தில் சேர்வார்? இறந்துபோன எல்லா ஓட்டுநருக்கும், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும் வழக்கமில்லாத நாட்டில், அந்தச் சிறிய எண் காட்டுவது குடியின் பங்கை அல்ல, குடி பதிவான பங்கை. அதைவிட முக்கியமானது: குறைவாகக் குடித்து, கவனம் சிதறி, ஓரத்தில் வந்தவரைப் பார்க்கத் தவறிய ஓட்டுநர் எந்தப் பதிவேட்டிலும் குடிகாரராகத் தெரியமாட்டார். ‘திடீரென்று குறுக்கே வந்துவிட்டான்’ என்று அவர் வாக்குமூலம் கொடுப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

ஆகவே, குடித்தவர் தன் நிதானத்தைப் பற்றித் தானே சொல்லும் எதையும் சான்றாக ஏற்க முடியாது. அவர் நேர்மையற்றவர் என்பதற்காக அல்ல. விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டிய கவனமே அவரிடம் குறைந்திருக்கிறது. இந்தக் குறைபாடு இரவோடு முடிவதும் இல்லை. 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் என்ற விகிதத்தில்தான் உடல் மதுவை எரிக்கிறது. தூங்கினாலும் குளித்தாலும் அந்த விகிதம் கூடாது. இரவு 10 மணிக்கு உட்கார்ந்து ஒரு குவார்ட்டரை முடித்துப் படுத்த அதே 65 கிலோ மனிதர், காலை 5 மணிக்கு முதல் நடைப் பேருந்தையோ பால் வண்டியையோ எடுக்கும்போது, அவர் இரத்தத்தில் இன்னும் 35 மில்லிகிராம் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் குடித்துவிட்டு ஓட்டுபவர்தான்.